யால் என்னும் மேட்டுநிலமும் யேல் என்னும் குடும்பப்பெயரும்

வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், ரெக்ஸம் நகருக்கு மேற்கே, மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு மேட்டுநிலப் பகுதிக்கு வெல்ஷ் மொழியில் யால் என்று பெயர். பயிரேறக்கூடிய மேட்டுநிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அதன் முன்னால் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் கிடைக்கும் 'அனியல்' என்ற சொல்லுக்குப் பாழ்நிலம் என்று பொருள். அலுன் ஆற்றங்கரையில் லானார்மன்-அன்-யால் என்ற சிற்றூர் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த யாலைத்தான் ஆங்கிலேயர் யேல் என்று எழுதினார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும், கதவுப் பூட்டுகளில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரும், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஒரு பழைய கல்லறையில் உறங்கும் ஆங்கிலேயக் குழந்தையின் குடும்பப்பெயரும் இந்த மேட்டுநிலத்திலிருந்து புறப்பட்டவையே.

பிற குடும்பப்பெயர்களை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேல்ஸின் குடும்பப்பெயர்களில் மிகப் பெரும்பாலானவை தந்தையின் பெயரிலிருந்து வந்தவை, இதுவோ ஊர்ப்பெயர். அதோடு, இந்தப் பெயரை ஒவ்வொரு திருப்பத்திலும் தாங்கிப் பிடித்தது ஆண்வழி இரத்த உறவைவிட நிலமும், பெண்கள் கொண்டுவந்த சொத்தும், அவர்களுடைய மறுமணமும்தான் என்பது என் கணிப்பு.

முதலில் நிலத்தின் கதை. இடைக்கால வேல்ஸில் யால் ஒரு தனி ஆட்சிப் பிரிவாக, பொவிஸ் அரசின் எல்லையோரத்தில் இருந்தது. 1149ஆம் ஆண்டு குவினெத் அரசன் ஒவைன் இப்பகுதியைக் கைப்பற்றி மண்மேட்டின்மேல் ஒரு மரக்கோட்டை எழுப்பினான். 1157இல் பொவிஸ் தரப்பினர் அதை எரித்துவிட்டார்கள். லாண்டெக்லா என்ற ஊருக்கு அருகில் அந்த மண்மேடு புல் மூடிய நிலையில் இன்னும் இருக்கிறது. 1282இல் முதலாம் எட்வர்ட் வேல்ஸை வென்றபோது, பக்கத்துப் பகுதியான புரோம்ஃபீல்டையும் யாலையும் ஒன்றாக இணைத்து, சர்ரி பிரபுவான ஜான் டி வாரெனுக்கு வழங்கினான். அன்று முதல் ஆங்கில ஆவணங்களில் 'புரோம்ஃபீல்டும் யேலும்' என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. ஆகவே, யேல் என்ற பெயர் மனிதர்கள்மீது ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே பட்டயங்களிலும் வரிக்கணக்குகளிலும் ஏறிவிட்டது.

மனிதர்களுக்கு அந்தக் காலத்தில் நிலையான குடும்பப்பெயர் இருக்கவில்லை. மகன் என்பதைக் குறிக்கும் 'அப்' என்ற சொல்லை இடையில் இட்டு (உயிரெழுத்துக்கு முன்னால் அதன் கடைசி ஒலி ஆங்கில b போல மென்மையாக ஒலிக்கும்) தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் கோத்துச் சொல்வதே வெல்ஷ் வழக்கம். பெண்களுக்கு மகள் என்ற பொருள்படும் 'வெர்க்' என்ற சொல் வரும். திருமணமான பின்பும் அவர்கள் தந்தையின் பெயராலேயே அறியப்பட்டார்கள். நிலவுரிமையும் குற்றங்களுக்கான ஈட்டுத்தொகையும் எத்தனையாவது தலைமுறை உறவு என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்பட்ட சமூகத்தில், பெயரே ஒரு வம்சாவளிச் சான்றாக இருந்தது. தந்தை பெயரை முன்னெழுத்தாக இட்டுக்கொண்டு, கடவுச்சீட்டு அலுவலகத்தில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்கும் தமிழருக்கு இந்த முறையை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்தத் திகைப்பு வெல்ஷ்காரர்களுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. 1536இலும் 1543இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. நீதிமன்ற மொழி ஆங்கிலமானது. யால் பகுதி புதிதாக உருவான டென்பிஷர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஐந்தாறு 'அப்' கோத்த பெயர்களை எழுதி அலுத்த நீதிபதி ஒருவர், இனி ஒவ்வொருவரும் கடைசிப் பெயரையோ வாழும் ஊரின் பெயரையோ மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டதாகவும், அதனால்தான் மோஸ்டின் என்ற ஊரில் வாழ்ந்த ஒரு பிரபு மோஸ்டின் ஆனார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படி இருந்தாலும் போக்கு அதுதான். எந்தச் சட்டமும் குடும்பப்பெயர் வைத்தே தீர வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஆனால் ஆங்கில எழுத்தர்களின் ஏடுகள் ஒற்றைப் பெயரை எதிர்பார்த்தன. முதலில் பெருநிலக்கிழார்கள் மாறினார்கள்; ஏழை எளியவர்கள், குறிப்பாக மேற்கு, வடமேற்குப் பகுதியினர், 18ஆம் நூற்றாண்டு வரையிலும் அதற்குப் பின்பும்கூடப் பழைய வழக்கத்தை விடவில்லை.

பெரும்பாலோர் கையிலிருந்த தந்தை பெயரையே உறைய வைத்தார்கள். அப் ஹவெல் என்பது பவல் ஆனது. அப் ரீஸ் பிரைஸ் ஆனது. அப் ஹாரி பாரி ஆனது. அப் ஒவைன் போவன் ஆனது. ஜானின் மகன் ஜோன்ஸ் ஆனான். இத்தனைக்கும் வெல்ஷ் மொழியின் மரபான நெடுங்கணக்கில் ஜ ஒலிக்கு எழுத்தே கிடையாது. ஆண்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அக்காலத்தில் மிகச் சிலவாகச் சுருங்கியிருந்ததால், குடும்பப்பெயர்களும் சிலவாகவே அமைந்தன. ஒரே தெருவில் நான்கு ஜோன்ஸ் வீடுகள் இருக்க, தொழிலையோ வீட்டையோ சேர்த்துப் 'பால்கார ஜோன்ஸ்' என்று அழைக்க வேண்டிய நிலை அதன் விளைவு. ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டவர்கள் மிகக் குறைவு. மோஸ்டின், ட்ரெவர், பென்னன்ட், நானி, யேல் என்று எண்ணிவிடலாம்; பெரும்பாலும் வடக்கு வேல்ஸின் நிலவுடைமைக் குடும்பங்கள். ஊர்ப்பெயரை வைத்துக்கொள்ள அந்த ஊரில் ஓரளவேனும் நிலம் இருந்தாக வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

யேல் குடும்பத்தின் ஆண்வழி யாலில் தொடங்கவே இல்லை என்பதுதான் இதில் வியப்பு. குலவரிசை ஏடுகளின்படி அவர்கள் 13ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து மேற்கு வேல்ஸின் மெரியோனித் பகுதிக்கு வந்து குடியேறிய 'ஐரிஷ்காரன் ஒஸ்பர்ன்' என்பவனின் வழிவந்தவர்கள். கடலோரத்துக் கோர்சிகெடோல் என்ற மாளிகை அவர்களுடைய மூல வீடு. அங்கேயே இருந்துவிட்ட கிளை பின்னாளில் வான் என்ற குடும்பப்பெயரை ஏற்றது. அந்த வீட்டைச் சேர்ந்த கிரிஃபித் அப் ஐனியன், லவ்ரி என்ற பெண்ணை மணந்தான். லவ்ரி, ஆங்கிலேயருக்கு எதிராக 1400இல் கிளர்ந்தெழுந்த ஒவைன் கிளின்தூரின் தம்பி டியுடரின் மகள். டியுடர் 1405இல் புல் மெலின் போரில் மாண்டவன். இவர்களுடைய மகன் எலிஸ், யால் பகுதியில் நிலம் கொண்ட குடும்பத்தின் வாரிசான மார்கரெட்டை மணந்து அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். பிளாஸ்-அன்-யால், அதாவது யாலில் உள்ள மாளிகை என்று பெயர்பெற்ற வீடு இந்தத் திருமணத்தின் வழியாகவே அவர்களுக்கு வந்தது. மனைவி கொண்டுவந்த நிலத்தின் பெயரைக் கணவனின் சந்ததி தன் பெயராக்கிக்கொண்டது.

எலிஸின் மகன் டேவிட் லாய்ட் இன்னும் பழைய முறையிலேயே டேவிட் லாய்ட் அப் எலிஸ் என்று அழைக்கப்பட்டான். லாய்ட் என்பது நரைத்தவன், சாம்பல் நிறத்தவன் என்ற பொருள்படும் பட்டப்பெயர். அவனுடைய பிள்ளைகள் லாய்ட் என்றோ, எலிஸ் என்றோ, 'அப் எலிஸ்' திரிந்து உருவான பெல்லிஸ் என்றோ ஆகியிருக்கலாம். வடகிழக்கு வேல்ஸில் பெல்லிஸ்கள் இன்றும் உண்டு. ஆனால் அடுத்த தலைமுறையில் கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போன தாமஸ், தாமஸ் யேல் என்றே அறியப்பட்டார். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, எலிசபெத் அரசியின் காலத்தில் கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கரின் நீதித்துறை அலுவலராக உயர்ந்து, 1577இல் மறைந்தார். ஊரிலேயே இருப்பவனுக்கு ஊர்ப்பெயர் எந்த அடையாளமும் தராது. யாலில் இருக்கும் எல்லோரும் யால்காரர்கள்தாம். ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் அது பெயராகிறது என்பதால், யேல் என்ற குடும்பப்பெயர் வேல்ஸின் மலைகளைவிடக் கேம்பிரிட்ஜின் வகுப்பறைகளிலும் இலண்டனின் திருச்சபை நீதிமன்றங்களிலுமே உறுதிப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் யேல் செஸ்டர் மறைமாவட்டத்தின் சான்சலர் என்னும் சட்ட அலுவலர் பதவி வகித்து 1626இல் காலமானார். ரெக்ஸம் அருகே பிளாஸ் கிரோனோ என்ற பண்ணை வீடு இந்தக் கிளையின் இருப்பிடமாயிற்று. அவருடைய மகன் தாமஸ், செஸ்டர் ஆயராக இருந்த ஜார்ஜ் லாய்டின் மகள் ஆனை மணந்து, மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு இளமையிலேயே இறந்துபோனார். வேல்ஸின் ஒரு மூலையில் அடங்கிக் கிடந்திருக்கக்கூடிய இந்தப் பெயரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனவர் கைம்பெண்ணாகிய இந்த ஆன்தான்.

ஆன் இரண்டாவதாக மணந்த தியோஃபிலஸ் ஈட்டன் இலண்டன் வணிகர், தூய்மைவாதக் கிறித்தவர். 1637இல் குடும்பத்தோடு கப்பலேறிப் பாஸ்டன் போய், மறு ஆண்டு நியூ ஹேவன் குடியேற்றத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். அதன் ஆளுநராகவே இறந்தார். முதல் திருமணத்துப் பிள்ளைகளான டேவிட், தாமஸ், இளைய ஆன் மூவரும் யேல் என்ற பெயரோடு உடன் சென்றார்கள். தாய் ஆன், குழந்தைத் திருமுழுக்கு வேதத்துக்கு உகந்ததன்று என்று நம்பத் தொடங்கி, அதை மறைக்காமல் நடந்துகொண்டதால், ஆளுநரின் மனைவி என்றும் பாராமல் 1645இல் நியூ ஹேவன் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. மகள் ஆன், கனெக்டிகட் ஆளுநர் எட்வர்ட் ஹாப்கின்ஸை மணந்தவர். அவருக்கு மனநலம் குன்றியபோது, மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப், அளவுக்கு மீறிப் படித்ததும் எழுதியதுமே அதற்குக் காரணம் என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பெண்கள் படிப்பதை நோயாகக் கண்ட அந்தக் குடியேற்றங்களில் ஒன்றான நியூ ஹேவனில், அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் பின்னாளில் ஒரு கல்லூரிக்கு வந்து சேர்ந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வருகிறது.

மகன்களில் தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கினார். அமெரிக்க யேல்கள் அவர் வழிவந்தவர்கள். டேவிட் பாஸ்டனுக்குப் போனார். அங்கே 1649இல் அவருக்குப் பிறந்தவர் எலிஹு யேல். எலிஹுவுக்கு மூன்று வயதாகும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. அதன்பின் அவர் அமெரிக்காவை எட்டிப் பார்த்ததில்லை.

எலிஹு கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672இல் மதராசுக்கு வந்தார். சென்னப்பட்டணத்துக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, அதன் திருமணப் பதிவேட்டில் ஏறிய முதல் திருமணம் எலிஹு யேலுக்கும் கேதரின் ஹின்மர்ஸுக்கும் நடந்தது. கேதரினும் கைம்பெண்ணே, அவருடைய முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் கம்பெனியின் உயர் அலுவலர். இவர்களுக்குப் பிறந்த ஒரே மகனுக்குத் தன் தந்தையின் பெயரான டேவிட் என்பதையே எலிஹு இட்டார். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வெல்ஷ் வழக்கம், நம் வழக்கமும்தான். 1688 ஜனவரியில், தந்தை மதராசின் ஆளுநராகிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், குழந்தை இறந்தது. தாயின் முதல் கணவர் அடக்கம் செய்யப்பட்டிருந்த கல்லறையிலேயே அந்தக் குழந்தையும் அடக்கம் செய்யப்பட்டது. அந்த நிலம் பின்னர் உயர் நீதிமன்ற வளாகமாயிற்று. எலிஹுவின் வழியில் யேல் என்ற பெயருக்கு இருந்த ஒரே ஆண் வாரிசு அத்தோடு மறைந்தது.

1690இல், செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை உள்ள நிலமும் விற்பனையில் அடக்கம். கடலூர்ப் பக்கத்தில் அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கோட்டைக்குச் சூட்டப்பட்ட பெயர் செயின்ட் டேவிட். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட் என்பதால் எலிஹு தன் வேரை நினைத்து அப்படிச் சூட்டினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டு ஆண்டு முன்பு இழந்த மகனின் பெயரும் அதுதானே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த ஆட்சிக்காலத்தை இரக்கத்தோடு மட்டும் பார்க்க முடியாது. 1680களின் பஞ்சத்தில் மதராஸ் கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டை ஆலோசனைக் குழுவின் ஏடுகளில் அடிமைகளை அனுப்புவது பற்றிய ஆணைகள் இருக்கின்றன. அக்குழுவின் தலைவர் எலிஹு. 1688இல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதற்கு முகலாய ஆட்சியின் எதிர்ப்பு முக்கியக் காரணம். சொந்த வணிகத்தில் திரட்டிய செல்வம், குறிப்பாக வைரம், பெருகப் பெருகப் புகார்களும் பெருகி, 1692இல் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1699இல்தான் அவர் மதராசைவிட்டுப் புறப்பட்டார். வைர வணிகர் ஒருவரின் கைம்பெண்ணான ஜெரோனிமா டி பாய்வா என்ற போர்த்துக்கீசிய யூதப் பெண்ணோடு அவருக்கு உறவு இருந்தது. அவர்களுடைய மகன் சார்ல்ஸ் அல்மான்சா என்று அறியப்பட்டான். அவனுக்கு யேல் என்ற பெயர் வரவில்லை.

இந்தப் பின்னணியில் படித்தால்தான் 1718 ஜனவரியில் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் இலண்டனில் இருந்த முதியவர் எலிஹுவுக்கு எழுதிய கடிதத்தின் கூர்மை விளங்கும். நியூ ஹேவனில் உருவாகிவரும் கல்வி நிலையம் யேல் கல்லூரி என்ற பெயரை அணியுமானால், அது மகன்கள் மகள்களால் நிலைக்கும் பெயரைவிட மேலானதாக இருக்கும்; எகிப்தியப் பிரமிடைவிடச் சிறந்த நினைவுச்சின்னமாக இருக்கும் என்று அவர் எழுதினார். ஆண் வாரிசில்லாத ஒரு செல்வந்தரிடம் எந்த நரம்பைத் தொட வேண்டும் என்பது மேதருக்குத் தெரிந்திருந்தது. நன்கொடை கேட்டு எழுதப்பட்ட கடிதங்களில் இவ்வளவு குறிபார்த்த ஒன்றை நான் படித்ததில்லை. எலிஹு 417 நூல்களையும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படத்தையும், ஒன்பது பொதிச் சரக்குகளையும் அனுப்பினார். சரக்குகள் விற்ற தொகை 562 பவுன். 1701இல் தொடங்கப்பட்டிருந்த அந்தப் பள்ளி, 1718 செப்டம்பரில் யேல் கல்லூரி ஆனது. தன் தந்தையின் மாற்றாந்தந்தை தோற்றுவித்த ஊரில், தன் பாட்டியை விலக்கிவைத்த ஊரில், எலிஹுவின் குடும்பப்பெயர் இப்படி நிலைகொண்டது. அவருடைய மகள்களில் மணம்புரிந்த இருவர் நார்த், கேவன்டிஷ் என்ற பெரிய குடும்பங்களுக்குப் போய்விட்டார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. மேசையைச் சுற்றி எலிஹுவும் அவருடைய சம்பந்திகளான கேவன்டிஷ்களும் அமர்ந்திருக்க, ஓரத்தில் கழுத்தில் உலோகப் பட்டை பூட்டப்பட்ட கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். 2020இல் அந்த ஓவியம் சுவரிலிருந்து இறக்கப்பட்டு, ஆய்வுக்குப் பின் மீண்டும் மாட்டப்பட்டது. அமர்ந்திருக்கும் ஆண்களின் குலவரிசைகளைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறது. அந்தச் சிறுவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எலிஹு 1721 ஜூலையில் இலண்டனில் இறந்து, ரெக்ஸம் நகரின் புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணித்து, ஆசியாவில் மணந்து, இலண்டனில் இறந்தவர் என்று அந்தக் கல்லறைக் கவிதை தொடங்குகிறது. நன்மை மிகவும் தீமை சிறிதும் செய்தார், கணக்கு நேராகியிருக்கும் என நம்புவோம் என்று தொடர்கிறது. நான்கு கண்டங்களுக்கு அதில் இடமிருக்கிறது. யாலுக்கோ வேல்ஸுக்கோ இடமில்லை. சில கல் தொலைவில் இருந்த மேட்டுநிலத்தைக் குடும்பப்பெயரே சொல்லிவிடுகிறது என்று எழுதியவர் நினைத்தாரோ என்னவோ. அந்தத் தேவாலயத்தின் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு ரெக்ஸம் கோபுரம் என்ற ஒன்றைப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் 1920களில் கட்டிக்கொண்டது.

பூட்டின் கதை வேறு கிளையைச் சேர்ந்தது. நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட சிற்றப்பா தாமஸின் வழித்தோன்றல்களில் லைனஸ் யேல் என்ற தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் பூட்டுத் தொழிலில் இருந்தார்கள். சிறு தட்டைச் சாவியைக் கொண்டு திறக்கும் உருளைப் பூட்டுக்கு மகன் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றார். 1868இல் ஹென்றி டவுன் என்பவரோடு சேர்ந்து தொழிற்சாலை தொடங்கிய சில மாதங்களிலேயே அவர் இறந்துவிட, நிறுவனத்தை வளர்த்தவர் டவுன். பூட்டிலிருந்து பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பிக்கும், அதிலிருந்து கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கும் அந்தப் பெயர் பரவியது. கல்லூரிக்குப் போலவே இங்கேயும் பெயரைக் காப்பாற்றியவர் வேறு குடும்பத்துக்காரர்.

வேல்ஸில் மிஞ்சியிருந்த மூலக் கிளை பிளாஸ்-அன்-யாலில் அமைதியாக வாழ்ந்தது. பக்கத்துப் பிரின்எக்லுயிஸ் ஊரின் தேவாலயத்தில் யேல் குடும்பத்துக்கென ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கேயும் ஆண்வழி அற்றுப்போனது. 19ஆம் நூற்றாண்டில் சொத்து உறவுவழியாக ஜோன்ஸ்-பாரி குடும்பத்துக்குச் சென்றது. அவர்கள் யேல் என்ற பெயரைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டார்கள். எலிஸ் அப் கிரிஃபித், மார்கரெட்டை மணந்து அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனுடைய சந்ததிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. அவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ள இரண்டு தலைமுறை ஆயிற்று, இவர்களுக்கு ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.